ஒரே சந்தில் வாழும் உயிர்கள்

விடியற்காலை நான்கு மணி. தாராவியில் ஒரு சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அவ்வளவு குறுகலான சந்து.

ஒரு வீட்டில் இட்லிப் பானையில் ஆவி பறக்கிறது. இன்னொரு வீட்டில் குழாயில் தண்ணீர் வரும் சத்தம். ஆட்கள் எழுந்துவிட்டார்கள். அவர்கள் மட்டுமா எழுந்தார்கள்? வாசல் படியில் ஒரு நாய் சோம்பல் முறிக்கிறது. தகரக் கூரை மேல் பூனை நடக்கிறது. மூலையில் கட்டிய ஆடு கத்துகிறது. மின் கம்பியில் காக்கை வந்து உட்காருகிறது.

இந்தச் சந்தில் மனிதர்கள் மட்டும் வாழவில்லை. பல உயிர்கள் வாழ்கின்றன. இடமோ கொஞ்சம். அந்தக் கொஞ்ச இடத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

வாயில்லா ஜீவன் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு வலி உண்டு. பசி உண்டு. தாகம் உண்டு. பயம் உண்டு. ஆனால் வாய் திறந்து சொல்ல முடியாது. நாம்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இரக்கம் நமக்குப் புதிது அல்ல. சோறு வடித்ததும் காக்கைக்கு ஒரு பிடி வைக்கிறோம். அரிசி மாவில் கோலம் போட்டால் எறும்பு தின்னும் என்கிறோம். மாட்டுப் பொங்கல் அன்று மாட்டுக்கு நன்றி சொல்கிறோம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதையும், கன்றை இழந்த பசுவுக்கு நீதி செய்த மனுநீதிச் சோழன் கதையும் ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் மும்பை பெரிய நகரம். இங்கே இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. விவரமும் தெரிய வேண்டும்.

குழாயடியில் ஒரு பேச்சு

பல சந்துகளில் கேட்கக்கூடிய பேச்சு இது.

"யக்கா, இந்தச் செவலை நாய் நேத்து என் பிள்ளையைத் துரத்திட்டுது. ஏதாவது மருந்து வச்சுத் தொலைச்சிரணும்."

"பாவம் தாயி. அது குட்டி போட்டிருக்கு. குட்டி பக்கத்துல போனா எந்தத் தாய்தான் சும்மா இருக்கும்?"

"உங்களுக்கென்ன யக்கா! எனக்கு இருக்கிறது ஒத்தப் பிள்ளை."

யார் சொல்வது சரி? பிள்ளையைப் பெற்றவளுக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. நாய்க்காகப் பேசுகிறவளிடம் இரக்கம் இருக்கிறது. அதுவும் நியாயமானது. இரண்டுக்கும் வழி உண்டா? உண்டு. அதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம்.

நாய்க்காக நடந்த கலவரம்

இந்தச் சண்டை மும்பைக்குப் புதிது அல்ல. 1832-ஆம் ஆண்டு நடந்த கதை இது. அப்போது இந்த ஊரைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டது. தெரு நாய்களைக் கொல்லக் கம்பெனி உத்தரவு போட்டது. ஒரு நாயைக் கொன்றால் எட்டு அணா கூலி. அந்தக் காலத்தில் எட்டு அணா சின்னப் பணம் இல்லை. காசுக்கு ஆசைப்பட்டுப் போலீஸ்காரர்கள் கண்ட நாயையெல்லாம் அடித்தார்கள்.

பார்சி மக்கள் நாயைப் புனிதமாக மதிப்பவர்கள். அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1832 ஜூன் 6-ஆம் தேதி தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். இந்துக்கள், ஜைனர்கள், முஸ்லிம்களில் ஒரு பிரிவினர் ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. படை வந்தது. பலர் கைதானார்கள்.

இரண்டு ஆண்டு கழிந்தது. 1834-இல் பூலேஷ்வரில் பாஞ்சராபோல் என்ற விலங்குக் காப்பகம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். ஜே.ஜே. மருத்துவமனை என்று சொல்கிறோமே, அது அவர் பெயர்தான்.

1874-இல் தின்ஷா மானெக்ஜி பெடிட் என்ற ஆலை முதலாளி விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் அமைக்க முன்நின்றார். பரேலில் விலங்குகளுக்கு ஒரு மருத்துவமனை வந்தது. அவருடைய மனைவி சக்கர்பாயின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது இன்றும் பரேலில் இருக்கிறது. மாடு, குதிரை, நாய், பூனை, பறவை எல்லாவற்றுக்கும் அங்கே வைத்தியம் நடக்கிறது.

சட்டம் கொண்டுவந்த மதுரைப் பெண்

விலங்குகளுக்காக நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அது வரக் காரணமானவர் ஒரு தமிழ்ப் பெண். அவர் பெயர் ருக்மிணி தேவி அருண்டேல். 1904-இல் மதுரையில் பிறந்தவர். நாட்டியத்தில் பெரிய பெயர் எடுத்தவர். சென்னையில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர்.

1952-இல் அவர் டெல்லி மாநிலங்களவையில் உறுப்பினர் ஆனார். 1953-இல் விலங்குகளைக் காக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரதமர் நேரு, "இதை அரசே செய்யும்" என்று உறுதி சொன்னார். பிறகு 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவிதான்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? எளிமையாகப் பார்ப்போம்.

விலங்கை அடிப்பது, உதைப்பது, வதைப்பது குற்றம்.

தாங்க முடியாத பாரம் ஏற்றுவது குற்றம்.

நோயும் புண்ணும் உள்ள விலங்கை வேலை வாங்குவது குற்றம்.

வளர்க்கும் விலங்குக்குத் தீனி, தண்ணீர், இடம் தராமல் விடுவது குற்றம்.

மிகக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிப் போடுவது குற்றம்.

வளர்த்த விலங்கைக் காரணம் இல்லாமல் தெருவில் விட்டுவிட்டுப் போவதும் குற்றம்.

1960-இல் எழுதிய இந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் வேறு சட்டமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடப்பில் உள்ளது. விலங்கைக் கொன்றாலும் உறுப்பைச் சிதைத்தாலும் அதன்படி ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். விஷம் வைப்பதும் இதில் அடங்கும்.

விஷத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சந்தில் வைத்த விஷத்தை நாய்தான் தின்னும் என்று யார் சொல்ல முடியும்? ஆடு தின்னலாம். கோழி தின்னலாம். தவழும் குழந்தை எடுத்து வாயில் வைக்கலாம்.

கொன்றால் குறையுமா?

மும்பையில் 1994 வரை தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். பல பத்து ஆண்டுகள் இப்படியே நடந்தது. நாய்கள் ஒழிந்தனவா? இல்லை. ஏன்?

ஒரு சந்தில் ஐந்து நாய் இருக்கிறது என்று வையுங்கள். ஐந்தையும் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் சந்தில் குப்பை அப்படியே கிடக்கிறது. மீன் கழிவும் கோழிக் கழிவும் கிடக்கின்றன. தின்னத் தீனி இருக்கிறது, தின்ன நாய் இல்லை. பக்கத்துத் தெரு நாய் சும்மா இருக்குமா? வந்துவிடும். வந்த நாய் புதிது. ஆட்களைத் தெரியாது. அதனால் அதிகம் குரைக்கும், துரத்தும். குட்டியும் போடும். நாயின் கர்ப்பம் இரண்டு மாதந்தான். ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டி பிறக்கும். கொஞ்ச நாளில் பழைய கணக்கு வந்துவிடும்.

இதற்கு மாற்று வழி ஒன்று சென்னையில் பிறந்தது. அங்கே 1959-இல் கேப்டன் சுந்தரம் என்பவர் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். நாயைக் கொல்லாதே, குடும்பக் கட்டுப்பாடு செய் என்று அந்த அமைப்பு 1960-களிலேயே சொன்னது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டு ஆனது. 1996-இல்தான் அங்கே அந்த முறை வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1994-இல், மும்பையில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் கொல்வது நின்றது. 2001-இல் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன. 2023-இல் அந்த விதிகளைப் புதுப்பித்தார்கள்.

முறை இதுதான். நாயை வலையில் பிடிப்பார்கள். அறுவை செய்து குட்டி போடாமல் ஆக்குவார்கள். வெறிநோய் வராமல் ஊசி போடுவார்கள். அடையாளத்துக்காக ஒரு காதின் நுனியில் சிறிதாக வெட்டுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்வதால் நாய்க்கு வலி தெரியாது. புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள்.

"மறுபடியும் இங்கேயே ஏன் விட வேண்டும்?" என்று பலர் கோபப்படுவார்கள். காரணம் உண்டு. அந்த நாய் தன் இடத்தைக் காக்கும். வெளி நாயை உள்ளே விடாது. அதுவும் குட்டி போடாது. ஊசி போட்டிருப்பதால் வெறிநோயும் பரவாது. ஆண்டுகள் போகப் போக எண்ணிக்கை மெல்லக் குறையும். ஆனால் ஒன்றிரண்டு நாய்க்குச் செய்தால் பலன் இல்லை. ஒரு பகுதியில் பெரும்பாலான நாய்களுக்குச் செய்ய வேண்டும். வெறிநோய் ஊசியைத் தவறாமல் மறுபடியும் போட வேண்டும். மும்பையில் 2014-இல் எடுத்த கணக்கில் சுமார் 95 ஆயிரம் தெரு நாய்கள் இருந்தன. அப்படியென்றால் எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள்.

உச்ச நீதிமன்றமும் 2025-இல் இதைப் பற்றி உத்தரவுகள் போட்டது. அறுவையும் ஊசியும் முடிந்த நாய்களை அதே இடத்தில் விட வேண்டும், வெறிநோய் உள்ளதையும் கடிக்கும் குணம் உள்ளதையும் விடக்கூடாது என்று ஆகஸ்ட் 22-இல் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நவம்பர் 7-இல் சொன்னது.

இனி உங்கள் சந்தில் ஒரு நாயைப் பார்த்தால் அதன் காதைக் கவனியுங்கள். நுனி வெட்டியிருந்தால் அதற்கு அறுவை ஆகிவிட்டது. வெட்டில்லாமல் இருந்தால் இன்னும் ஆகவில்லை.

கடித்துவிட்டால்

இதை எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உயிர் காக்கும் விஷயம் இது.

வெறிநோய் கொடியது. ரேபீஸ் என்று சொல்வார்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59 ஆயிரம் பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஆனால் காலத்தில் ஊசி போட்டால் இந்த நோயைத் தடுத்துவிடலாம். 1885-இல் பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டார். சிறுவன் பிழைத்தான். நம் நீலகிரியில் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. தென்னாட்டில் நாய்க்கடி பட்டவர்கள் அங்கே போய் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

முன்பு தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள். அந்தப் பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை. இப்போது அது இல்லை. கையில்தான் போடுகிறார்கள். நான்கைந்து முறை போக வேண்டியிருக்கும்.

நாயோ பூனையோ கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கீறல் என்றாலும் கழுவ வேண்டும்.

மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் வைக்காதீர்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தாராவி, மாட்டுங்கா மக்களுக்குச் சயான் மருத்துவமனை பக்கம். செம்பூர் மக்களுக்கு கோவண்டி சதாப்தி மருத்துவமனை பக்கம். இரண்டும் மாநகராட்சி மருத்துவமனைகள்.

அங்கே ஒரு சீட்டுத் தருவார்கள். அடுத்த ஊசி எந்தத் தேதி என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு ஊசி போட்டதும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடாதீர்கள். எல்லா ஊசியும் போட்டால்தான் காப்பு.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்

பல கடிகளைத் தவிர்க்கலாம். பிள்ளைகளுக்கு நாயின் குணம் தெரிந்தால் போதும்.

நாய் தின்னும்போது கிட்டே போகாதே. தூங்கும் நாயைத் தொடாதே. குட்டியோடு இருக்கும் நாயிடம் போகாதே. குட்டியைத் தூக்காதே. நாய் துரத்தினால் ஓடாதே. ஓடினால் அது இன்னும் துரத்தும். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நில். நாயின் கண்ணையே முறைத்துப் பார்க்காதே. அது விலகியதும் மெல்ல நட.

இன்னொன்றும் உண்டு. சில பிள்ளைகள் விளையாட்டாகக் கல் எறிகிறார்கள். தீபாவளிக்கு நாயின் வாலில் பட்டாசு கட்டுகிறார்கள். பெரியவர்கள் பார்த்துச் சிரித்தால் பிள்ளை அதை வீரம் என்று நினைக்கும். அடிபட்ட நாய் மனிதனைக் கண்டாலே மிரளும். மிரண்ட நாய்தான் கடிக்கும். நாளைக்கு அந்த வழியே போகும் வேறு ஒரு பிள்ளையைக் கடிக்கலாம். ஆகவே கல் எறியாமல் இருப்பது நாய்க்கு மட்டும் நல்லது இல்லை, நமக்கும் நல்லது.

சோறு வைக்கும் முறை

தெரு நாய்க்குச் சோறு வைப்பது நல்ல காரியம். ஆனால் வைக்கும் இடம் முக்கியம்.

அடுத்த வீட்டு வாசலில் வைக்காதீர்கள். மாடிப்படியிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வைக்காதீர்கள். 2023 விதிகளும் இதையே சொல்கின்றன. ஒதுக்குப்புறமாக ஓர் இடத்தைச் சந்து மக்கள் சேர்ந்து முடிவு செய்யுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள். தின்று முடித்ததும் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஊசிப்போன சோற்றையும், வேகவைத்த கோழி எலும்பையும் போடாதீர்கள். அந்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும்.

ஒரே இடத்தில் தினமும் சோறு வைத்தால் இன்னொரு பயனும் உண்டு. அந்த நாய்கள் ஆளிடம் பழகிவிடும். அறுவைக்கும் ஊசிக்கும் மாநகராட்சி ஆட்கள் வரும்போது பிடிப்பது சுலபம்.

மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக்

மும்பையில் பல கோயில்களுக்கு முன்னால் ஒரு பெண் பசுவோடு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் புல் கட்டு இருக்கும். பக்தர்கள் காசு கொடுத்துப் புல் வாங்கி மாட்டுக்குக் கொடுப்பார்கள். மாட்டுங்கா பக்கம் போகிறவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள்.

புல் கொடுக்கும் அதே கை வீட்டில் என்ன செய்கிறது? மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுத் தெருவில் எறிகிறது. மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை இல்லை. பையோடு தின்றுவிடும். பிளாஸ்டிக் செரிக்காது. வயிற்றிலேயே தங்கும். நாளுக்கு நாள் சேரும். பிறகு தீனி தின்ன இடம் இருக்காது. மாடு வயிறு நிறைந்தே பட்டினி கிடந்து சாகும்.

2018-இல் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. தடை இருந்தாலும் பை இன்னும் கண்ணில் படுகிறது. நாம் செய்யக்கூடியது எளிது. கடைக்குத் துணிப்பை கொண்டுபோவோம். சோற்றுக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் போடுவோம்.

பறவைக்குத் தண்ணீர், பட்டத்துக்கு நூல்

ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரை கொதிக்கும். பறவைகள் தாகத்தால் விழும். ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்தால் போதும். தாராவிக் கும்பார்வாடாவில் குயவர்கள் செய்யும் மண் சட்டிகள் கிடைக்கின்றன. அகலமான, ஆழம் குறைந்த சட்டி நல்லது. தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

ஜனவரியில் சங்கராந்தி வரும். நமக்குப் பொங்கல். தாராவி 90 அடிச் சாலையில் பெண்கள் கூடிப் பொங்கல் வைப்பார்கள். அதே நாட்களில் வானத்தில் பட்டம் பறக்கும். பட்டத்துக்குக் கட்டும் மாஞ்சா நூலில் கண்ணாடித் தூள் இருக்கும். நைலான் மாஞ்சா இன்னும் மோசம். அறுந்தாலும் மக்காது. மரத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். காக்கை, புறா, பருந்தின் இறக்கையை அறுக்கும். மோட்டார் சைக்கிளில் போகும் மனிதனின் கழுத்தையும் அறுக்கும். 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த நூலை நாடு முழுவதும் தடை செய்தது. பிள்ளைகளுக்குப் பருத்தி நூல் வாங்கிக் கொடுங்கள். தொங்கும் நூலைக் கண்டால் சுருட்டிக் குப்பையில் போடுங்கள்.

புறாவைப் பற்றியும் ஒரு சொல். தாதரில் கபூதர்கானா என்று ஓர் இடம். பல தலைமுறைகளாக மக்கள் அங்கே புறாவுக்குத் தானியம் போட்டார்கள். புறாக்கள் ஏராளமாகப் பெருகின. புறா எச்சத்தின் தூசியால் சிலருக்கு நுரையீரல் நோய் வருகிறது என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். 2025-இல் மாநகராட்சி அந்த இடத்தை மூடியது. தானியம் போட்டு வந்தவர்கள் மனம் வருந்திப் போராடினார்கள். இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான். இதில் ஒரு பாடம் இருக்கிறது. இரக்கம் காட்டும்போது அடுத்த வீட்டு நோயாளியையும் நினைக்க வேண்டும்.

பிழைப்பும் இரக்கமும்

"விலங்கை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

மும்பையில் விக்டோரியா குதிரை வண்டிகள் ஓடின. கடற்கரையில் மக்கள் ஆசையாக ஏறுவார்கள். ஆனால் குதிரைகளுக்கு நல்ல லாயம் இல்லை. கடினமான தார்ச் சாலையில் ஓடிக் கால் தேய்ந்தது. 2015-இல் உயர் நீதிமன்றம் அந்த வண்டிகளைத் தடை செய்தது. அதோடு விடவில்லை. வண்டிக்காரர் குடும்பங்களுக்கு வேறு வழி செய்ய அரசுக்குச் சொன்னது. விலங்குக்கு இரக்கம் காட்டும்போது ஏழை மனிதனை மறக்கக்கூடாது.

ஆடு, கோழி வளர்ப்பவர்களும் இறைச்சிக் கடைக்காரர்களும் நம்மிடையே உண்டு. அவர்களும் இரக்கம் காட்டலாம். கோழியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோக வேண்டாம். ஆடுகளை ஒரே வண்டியில் நெருக்கி அடைக்க வேண்டாம். நிழலும் தண்ணீரும் கொடுக்கலாம். உயிரோடு இருக்கும் வரை அதற்கு வலி உண்டு.

ஊருக்குப் போனால் வண்டி மாடு இருக்கும். அதற்கும் 1965-இல் விதி வந்தது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வெயில் 37 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வண்டி பூட்டக்கூடாது.

ஆட்டோ, டாக்சி ஓட்டும் அண்ணன்மார்களுக்கு ஒன்று. மழையில் பூனைகள் வண்டிக்கு அடியில் ஒண்டும். வண்டி எடுக்குமுன் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஒரு நொடியில் ஓர் உயிர் பிழைக்கும்.

அடிபட்ட விலங்கைக் கண்டால்

வண்டியில் அடிபட்ட நாய் வலியால் கடிக்கும். உதவ வந்தவரையும் கடிக்கும். அதனால் வெறுங்கையால் தூக்காதீர்கள். கெட்டியான துணியையோ சாக்கையோ மேலே போர்த்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோங்கள். மாநகராட்சி உதவி எண் 1916. அங்கே சொல்லலாம்.

பரேல் விலங்கு மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். சயான், மாட்டுங்கா, தாதர், பரேல் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சின்னப் பூனைக்குட்டி என்றால் காற்றோட்டம் உள்ள அட்டைப் பெட்டி போதும். பெரிய விலங்கு என்றால் டெம்போ வேண்டும். நான்கு பேர் கூடிக் காசு போட்டால் முடியும்.

ஒரு மனு எழுதுவோம்

குழாயடியில் பேசிய இரண்டு பெண்களுக்கும் இப்போது வழி தெரிகிறது. விஷம் வேண்டாம். "ஐயோ பாவம்" என்று சொல்லிச் சும்மா இருக்கவும் வேண்டாம். நாய்களுக்கு அறுவையும் ஊசியும் செய்யும் பொறுப்பு மாநகராட்சியுடையது. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

தாராவி ஜி வடக்கு வார்டில் இருக்கிறது. மாட்டுங்கா எஃப் வடக்கு வார்டு. செம்பூர் எம் மேற்கு வார்டு. மனுவை மராத்தியில் எழுதினால் அலுவலகத்தில் வேலை சுலபம். முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு மராத்தி படிக்கும் பிள்ளைகளிடம் மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாதிரி இதோ:

பெறுநர்:
உதவி ஆணையர்,
ஜி வடக்கு வார்டு அலுவலகம்,
மும்பை மாநகராட்சி.

ஐயா / அம்மா,

எங்கள் சந்தில் பத்துத் தெரு நாய்கள் இருக்கின்றன. ஏழு நாய்களுக்குக் காதில் அடையாளம் இல்லை. ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இந்த நாய்களுக்கு அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து தரக் கேட்டுக்கொள்கிறோம். குப்பையைத் தினமும் அள்ளவும் ஏற்பாடு செய்யுங்கள். நாய்களைப் பிடிக்க வரும்போது நாங்கள் உதவுவோம்.

இப்படிக்கு,
சந்து மக்கள்.

கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைத்த கை இப்போது கையெழுத்துப் போடட்டும். தேதி எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரை வாங்கி வையுங்கள். பதினைந்து நாளில் யாரும் வராவிட்டால் அந்தப் பிரதியைக் காட்டி மறுபடியும் கேளுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் சந்தில் எத்தனை நாய்கள் உள்ளன? எத்தனை நாய்களின் காதில் அடையாளம் இருக்கிறது? எண்ணி எழுதுங்கள்.

2. நாய் கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நேரம்?

3. நாய்களைக் கொன்றும் மும்பையில் அவை ஏன் குறையவில்லை?

4. சோறு வைக்க உங்கள் பகுதியில் எந்த இடம் நல்லது? ஏன்?

5. உங்கள் பகுதி எந்த வார்டில் இருக்கிறது? அந்த அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் பாருங்கள்.